ரோபோவுக்கு ஒரு பயிற்சி அலமாரி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ரோபோ செய்யும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். நம் கல்லூரியின் அறிவியல் மன்றம் மாணவர் ரோபோப் போட்டி ஒன்றில் கலந்துகொள்கிறது என்று தெரிந்த நாள் முதல், பிற துறை நண்பர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்ட கேள்விகள் இரண்டே. "மோட்டார் எங்கே வாங்கினீர்கள்?" என்பது ஒன்று. "கலைக் கல்லூரிக்கு ரோபோ எதற்கு?" என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ரிச்சி தெரு என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். இரண்டாம் கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் ரோபோவைப் பற்றிக் குறைவாகவும், அது பழகுவதற்காக நாங்கள் செய்த மர அலமாரியைப் பற்றி அதிகமாகவும் கூறப்போகிறேன். தமிழ், வரலாறு, வணிகவியல் பயிலும் நண்பர்களும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

போட்டியும் களமும்

ரோபோப் போட்டி என்றால் இரண்டு இயந்திரங்கள் மோதிக்கொள்ளும் சண்டை என்றே பலரும் எண்ணுகின்றனர். பெரும்பாலான போட்டிகள் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு களம் தரப்படும். அக்களத்தில் எடுக்க வேண்டிய பொருளும், வைக்க வேண்டிய இடமும் இருக்கும். குறித்த நேரத்துக்குள் அந்த வேலையைச் செய்து முடிக்கும் ரோபோ வெற்றி பெறும்.

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் நடத்தும் 'ரோபோகான்' இவற்றுள் புகழ் பெற்றது. 2002-ஆம் ஆண்டு டோக்கியோ நகரில் இது தொடங்கியது. 2008, 2014 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டின் புனே நகரில் நடைபெற்றது. 2022-இல் இந்தியா மீண்டும் பொறுப்பேற்றபோது, சிறு வயதில் நாமெல்லாம் ஆடிய ஏழு கல் விளையாட்டே 'லகோரி' என்ற பெயரில் போட்டியாக வைக்கப்பட்டது. அடுக்கிய வட்டுகளைப் பந்தால் கலைத்த அணியின் ரோபோவே அவற்றை மீண்டும் அடுக்க வேண்டும். 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஹாங்காங் வகுத்த களத்தில், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது அறைகள் கொண்ட ஓர் அடுக்கே இடம்பெற்றது.

அலமாரியையே முழுக் களமாகக் கொண்ட போட்டியும் உண்டு. 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சியாட்டில் நகரில் அமேசான் நிறுவனம் அத்தகைய போட்டி ஒன்றை நடத்தியது. கிடங்குகளில் பயன்படும் அலமாரி ஒன்றின் 12 அறைகளிலிருந்து குறிப்பிட்ட பொருள்களை 20 நிமிடத்துக்குள் ரோபோ தானாகவே எடுக்க வேண்டும். உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் பங்கேற்ற அப்போட்டியில், பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழக அணி 12 பொருள்களில் 10 பொருள்களைச் சரியாக எடுத்து முதலிடம் பெற்றது. அவர்களுடைய ரோபோவின் கைக்கு உறிஞ்சும் ஆற்றலைத் தந்தது, கடையில் விற்கும் தூசி உறிஞ்சும் கருவிதான். அந்த அலமாரியின் ஒவ்வோர் அறை வாயிலிலும் சிறு விளிம்பு ஒன்று இருந்தது. பொருளை இழுத்தால் விளிம்பு தடுக்கும்; தூக்கித்தான் எடுக்க வேண்டும். மனிதக் கை கவனிக்காத இந்தச் சிறு விளிம்பு ரோபோவுக்குப் பெரிய மலையாகிவிடுகிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். போட்டியன்றுதான் அலமாரியை முதன்முதலாகப் பார்க்கும் ரோபோவால் எதுவும் செய்ய இயலாது. முன்னதாகவே அதுபோன்ற ஒன்றில் நூறு முறை பழகியிருக்க வேண்டும். டீன் கேமன் 1989-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஃபர்ஸ்ட்' என்னும் அமைப்பு, தான் நடத்தும் போட்டியின் களப்பொருள்களை அணிகள் குறைந்த செலவில் மரத்திலேயே செய்துகொள்வதற்கான வரைபடங்களையும் வெளியிடுகிறது. உண்மையான களத்தை வாங்க எல்லோராலும் முடியாது என்பதை அவர்கள் உணர்ந்திருக்கின்றனர்.

எங்கள் நிலை

எங்களுக்கு வந்த விதிப்புத்தகத்தில் அலமாரியின் அளவுகள் தரப்பட்டிருந்தன. அகலம் 900 மி.மீ., உயரம் 1200 மி.மீ., ஆழம் 300 மி.மீ. தட்டுகள் மூன்று, அவற்றின் மேற்பரப்பு தரையிலிருந்து 300, 600, 900 மி.மீ. உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு தட்டிலும் அரைக் கிலோ எடையுள்ள மூன்று பெட்டிகள் வீதம் ஒன்பது பெட்டிகளை ரோபோ வைக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில், எந்த அளவும் 5 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. இந்த வரியைப் பற்றிப் பின்னால் கூறுகிறேன்.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தமான குரோம்பேட்டையில், 1949-இல் தோன்றிய எம்.ஐ.டி. இருக்கிறது. அத்தகைய பொறியியல் கல்லூரிகளில் பணிமனை உண்டு, மரம் அறுக்கும் இயந்திரம் உண்டு. நமக்கு இருப்பது இயற்பியல் ஆய்வுக்கூடமும், அதன் பின்புறத் தாழ்வாரமும்தான். ஆனால் எங்கள் குழுவுக்கு வேறொரு செல்வம் இருந்தது. என் தந்தையார் தச்சர். சேலையூர், மேடவாக்கம் பக்கம் எழும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கதவும் சன்னலும் பொருத்தும் வேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான். அலமாரி செய்வதற்காக வந்தபோது அவர் இரண்டாவது ஆள் ஆனார்.

மரத்துக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குச் சென்றோம். பழைய கதவு முதல் பழுதான கணிப்பொறி வரை அங்கே கிடைக்கும் என்பதைத் தென்சென்னைவாசிகள் அறிவர். விடியற்காலையில் போய் ரீப்பர் கட்டைகளும், 6 மி.மீ. பிளைவுட் துண்டுகளும் வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு முதல் வகுப்புக்கு முன் கல்லூரி வந்து சேர்ந்தோம்.

விதிப்புத்தகத்தின் படத்தை நான் விளக்கத் தொடங்கியதும் அப்பா இடைமறித்தார். "அலமாரி நமக்கு இல்லப்பா, அந்த பொம்மைக்கு. அதுக்குக் கண்ணு எங்கே இருக்கு, கை எங்கே படும், அதை மொதல்ல சொல்லு" என்றார். அக்கேள்வியே எங்கள் வேலைக்கு வழிகாட்டியாயிற்று. ரோபோ தொடும் இடமும் பார்க்கும் இடமும் போட்டி அலமாரியைப் போலவே இருக்க வேண்டும். மற்றவை எப்படியிருந்தாலும் குற்றமில்லை. ஆகவே தட்டுகளின் உயரம், முன்விளிம்பு, மேற்பரப்பு ஆகியவற்றுக்கே எங்கள் உழைப்பையும் பணத்தையும் செலவிட்டோம். பக்கங்களுக்கு ஆணித் துளை விழுந்த பழைய பலகையும், கால்களுக்குப் பல நிற ரீப்பர்களுமே போதுமானவையாக இருந்தன. பார்ப்பதற்கு அழகாக இல்லை. அழகுக்கு மதிப்பெண்ணும் இல்லை.

அளக்கும் முறை

மூன்று தட்டுகளை எப்படி அளந்து பொருத்துவது? தரையிலிருந்து முதல் தட்டு, முதல் தட்டிலிருந்து இரண்டாவது, இரண்டாவதிலிருந்து மூன்றாவது என்று அளப்பது எளிது. ஆனால் ஒவ்வோர் அளவிலும் ஒரு மி.மீ. பிழை ஒரே பக்கமாக நேர்ந்தால் மூன்றாம் தட்டில் அது மூன்று மி.மீ. ஆகிவிடும். தச்சர்கள் ஒரு நீண்ட ரீப்பர் குச்சியில் எல்லா உயரங்களையும் அடியிலிருந்தே குறித்துக்கொண்டு, அந்த ஒரே குச்சியை நான்கு கால்களின் மீதும் வைத்துக் கோடு போடுகின்றனர். பிழை நேர்ந்தாலும் அது சேர்ந்து பெருகுவதில்லை. நான்கு காலிலும் ஒரே உயரம் அமைவதால் தட்டும் சாய்வதில்லை.

சட்டம் சரியான செவ்வகமாக இருக்கிறதா என்று அறிய மூலைமட்டம் மட்டும் போதாது. சிறிய மட்டத்தில் தெரியாத கோணல் பெரிய சட்டத்தில் வெளிப்படும். இதற்கு மூலைவிட்டங்களை அளக்க வேண்டும். 900-க்கு 1200 என்ற செவ்வகத்தின் மூலைவிட்டம் 1500 மி.மீ. என்பது பிதாகரஸ் தேற்றத்தால் விளங்கும். நாம் பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான் இது. சட்டத்தின் மேற்பகுதி 5 மி.மீ. ஒருபுறம் சாய்ந்தால் ஒரு மூலைவிட்டம் ஏறத்தாழ 3 மி.மீ. கூடும், மற்றது 3 மி.மீ. குறையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6 மி.மீ. ஆகும். அதாவது கோணலைவிட வேறுபாடு பெரிதாகவே தெரியும். அளவுநாடா ஒன்றே போதும்.

அடுத்தது தரை. கழுவிய நீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தாழ்வாரத்துத் தரையைச் சற்றே சரிவாகத்தான் அமைப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவைக் காண, தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் இரு கால்களில் பிடித்துப் பார்த்தோம். கொத்தனார்கள் டியூப் லெவல் என்று கூறும் இம்முறை, நிலையான நீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற விதியை அடிப்படையாகக் கொண்டது. பள்ளமான பக்கத்துக் கால்களுக்கு அடியில் மெல்லிய மரத் துண்டுகளை வைத்துச் சமப்படுத்தினோம்.

முன்னும் பின்னும் சமமாக இருப்பது மிகவும் இன்றியமையாதது. ஆழம் 300 மி.மீ. மட்டுமே. ஆதலால் முன்கால்கள் 3 மி.மீ. உயர்ந்தால், 900 மி.மீ. உயரத்திலுள்ள மூன்றாம் தட்டு 9 மி.மீ. பின்னுக்குப் போய்விடும். அதுவே பக்கவாட்டில் 3 மி.மீ. உயர்ந்தால், அகலம் 900 மி.மீ. ஆதலால் அத்தட்டு 3 மி.மீ. மட்டுமே நகரும். ஒல்லியான பொருள் எளிதில் சாயும் என்று நாம் பொதுவாக அறிந்ததற்கு இதுவே கணக்கு.

தட்டு வளைவதன் கணக்கு

போட்டி அலமாரியின் தட்டு 12 மி.மீ. தடிப்புள்ளது. எங்களிடம் இருந்ததோ 6 மி.மீ. பிளைவுட். பாதித் தடிப்பென்றால் இருமடங்கு வளையும் என்று தோன்றும். உண்மை வேறு.

இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் யங் குணகம் காணும் சோதனையில், இரு கத்திமுனைகள்மீது சட்டத்தை வைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, நுண்ணோக்கியால் இறக்கத்தை அளப்பார்கள். நடு இறக்கம் நீளத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்திலும், தடிப்பின் மூன்றாம் படிக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்பது அச்சோதனையின் சூத்திரம். ஆகவே தடிப்பு பாதியானால் இறக்கம் எட்டு மடங்காகும். பிளைவுட்டின் யங் குணகத்தைச் சதுர மீட்டருக்கு 600 கோடி நியூட்டன் என்று கொள்வோம். 900 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் உள்ள தட்டின் நடுவில் மூன்று பெட்டிகளின் எடையான ஒன்றரைக் கிலோவை வைத்தால், 12 மி.மீ. தட்டு ஏறத்தாழ 0.9 மி.மீ. இறங்கும்; 6 மி.மீ. தட்டு ஏறத்தாழ 7 மி.மீ. இறங்கும். விதி அனுமதிக்கும் 5 மி.மீ. அளவை அது தாண்டிவிடுகிறது.

இரண்டு 6 மி.மீ. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் என்ன? சும்மா வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே வளையும். ஒன்றின்மேல் மற்றொன்று வழுக்கும். இறக்கம் பாதியாக, அதாவது மூன்றரை மி.மீ. அளவுக்கு மட்டுமே குறையும். அவற்றை ஃபெவிகால் பூசி நன்றாக ஒட்டிவிட்டால் வழுக்க முடியாது. இரண்டும் ஒரே 12 மி.மீ. பலகையாக நடந்துகொள்ளும். இறக்கம் எட்டில் ஒரு பங்காகிவிடும். பசை முழுப் பரப்பிலும் படும்படி தடவி, மேலே செங்கற்களை அடுக்கி ஓர் இரவு அப்படியே விட்டோம். மறுநாள் நாங்கள் இறக்கத்தை அளந்தபோது ஒரு மி.மீ. அளவை ஒட்டியே இருந்தது. பாடப்புத்தகச் சூத்திரம் தாழ்வாரத்தில் உண்மையானதைக் கண்டு அப்பாவுக்கு வியப்பில்லை. பலகையை ஒட்டினால் உறுதி என்பது அவர் முப்பது ஆண்டுகளாக அறிந்தது. எட்டு மடங்கு என்ற எண் மட்டும் அவருக்குப் புதிது.

ஓர் எச்சரிக்கை. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவுகள் இறுகிக்கொள்வதை அறிவோம். மரம் காற்றின் ஈரத்தை ஏற்று, முக்கியமாக அகலவாக்கில், உப்பும். பிளைவுட்டில் அடுத்தடுத்த படலங்களின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக அமைந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் அது குறைவாகவே உப்பும். ஆயினும் அறுத்த ஓரங்களின் வழியே ஈரம் புகும். அங்கே வண்ணம் பூசிவிட வேண்டும். மரத்தூள் பலகை மலிவானதென்று வாங்கித் தாழ்வாரத்தில் வைத்தால், ஒரு சாரல் அதன் அளவைக் கெடுத்துவிடும்.

மேற்பரப்பும் காற்றும்

ரோபோவின் 'கண்' மனிதக் கண்ணைப் போன்றதல்ல. எங்கள் ரோபோவில் ஒலி உணரி ஒன்றும், அகச்சிவப்பு உணரி ஒன்றும் இருந்தன. அகச்சிவப்பு உணரி ஒளியை அனுப்பி, திரும்பி வரும் அளவைக் கொண்டு பொருள் இருப்பதை அறியும். கறுப்பு வண்ணம் அதைப் பெரிதும் விழுங்கிவிடும். வெள்ளை திருப்பி அனுப்பும். ஆகையால் முன்விளிம்பின் நிறம் போட்டி அலமாரியில் உள்ளதுபோலவே இருக்க வேண்டும்.

தட்டின் வழவழப்பும் கருதத்தக்கது. பெட்டியை வைத்த பின் கை பின்வாங்கும்போது, வழவழப்பான தட்டில் பெட்டியும் உடன் நகர்ந்து வரும். உராய்வை அளக்கக் கருவி வேண்டியதில்லை. தட்டின்மேல் பெட்டியை வைத்து ஒரு முனையை மெல்ல உயர்த்த வேண்டும். பெட்டி நழுவத் தொடங்கும் கணத்தில், உயர்த்திய உயரத்தைக் கிடைத்தொலைவால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். எங்கள் தட்டின் மேல் சன்மைக்கா துண்டு ஒட்டியும் ஒட்டாமலும் இரு வகையிலும் பழகினோம்.

காற்றும் களத்தின் ஒரு பகுதியே. ஒலி உணரி, ஒலி சென்று எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணிக்கிறது. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். தாம்பரத்து நண்பகல் 34 டிகிரியில் பழகிய ரோபோவை 24 டிகிரி குளிரூட்டிய அரங்கில் விட்டால், ஒலி வினாடிக்கு 6 மீட்டர் மெதுவாகச் செல்லும். 600 மி.மீ. தொலைவை ரோபோ 610 மி.மீ. என்று கணிக்கும். இல்லாத 10 மி.மீ. இடத்தை இருப்பதாக நம்பி முன்னே வரும். வெப்பநிலைக்கு ஏற்ப வேகத்தை மாற்றிக்கொள்ள ஒரு வரி நிரல் போதும். ஆனால் அது வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிழையையும் பழக வேண்டும்

இனி, விதிப்புத்தகத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். எந்த அளவும் 5 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம் என்றால், போட்டி நடத்துவோரின் அலமாரியும் சரியாக 300, 600, 900 என்று இராது என்பது பொருள். நாம் அரும்பாடுபட்டு அணுவளவும் பிசகாத அலமாரி செய்து, அதில் மட்டும் ரோபோவைப் பழக்கினால், அது அந்த ஓர் அலமாரியை மனப்பாடம் செய்துகொள்ளும். வினாவை மாற்றிக் கேட்டால் விழிக்கும் மாணவனைப் போல, வேறோர் அலமாரியின்முன் அது விழிக்கும்.

ஆகவே முதலில் சரியாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே தவறாக்கினோம். தட்டின் அடியில் 2 மி.மீ., 5 மி.மீ. துண்டுகளைச் செருகி உயர்த்தினோம். ஒரு நாள் முன்கால்களையும், மறுநாள் ஓர் ஓரத்துக் கால்களையும் உயர்த்தினோம். அலமாரியைச் சற்றே திருப்பி வைத்தோம். எவ்வளவு மாற்றினோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி, பத்து முறையில் எத்தனை முறை பெட்டி சரியாக அமர்ந்தது என்று குறித்துக்கொண்டோம். சரியான நிலையை முதலில் அறிந்திருந்தால்தான் இவ்வாறு அளந்து தவறாக்க முடியும். கோணலாகவே செய்யப்பட்ட அலமாரியில், எது ரோபோவின் குறை, எது மரத்தின் குறை என்று பிரித்தறிய வழியில்லை. மீட்டர் அளவி, வெர்னியர், திருகு அளவி ஆகியவற்றை எடுத்தவுடன் சுழிப்பிழை பார்க்கச் சொல்லும் நம் ஆய்வுக்கூடப் பழக்கமே இங்கு துணை செய்தது. பயிற்சி அலமாரி மேசை நாற்காலியைப் போன்ற ஒரு தளவாடம் அன்று. அது ரோபோவை அளக்கும் அளவுகோல்.

பயனும் அழைப்பும்

போட்டி அரங்கில் அலமாரியை மர மேடைமீது வைத்திருந்தனர். ஆள் நடந்தால் மேடை அசைந்தது. அலமாரி சற்றே பின்சாய்ந்திருந்தது. அது விதிக்கு உட்பட்டதே. எங்கள் ரோபோ குறித்த நேரத்துக்குள் ஒன்பது பெட்டிகளில் ஏழினை வைத்தது. வைத்தவற்றில் ஒன்றும் கீழே விழவில்லை. பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. எங்களைவிட விரைவான மோட்டாரும் கேமராக் கண்ணும் உடைய அணிகள் முன்சென்றன. ஆயினும் இயந்திரங்களின் விலையில் எங்களைவிடப் பல மடங்கு உயர்ந்த சில அணிகள், மூன்றாம் தட்டில் பெட்டியை வைக்க முடியாமல் திணறியதையும் பார்த்தோம். அந்தத் தட்டில் நாங்கள் மூன்று பெட்டிகளை வைத்தோம்.

கலைக் கல்லூரிக்கு ரோபோ எதற்கு என்று கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான். விலை உயர்ந்த மோட்டாரை நாம் வாங்க இயலாமல் போகலாம். ஆனால் வளைவின் சூத்திரம், உராய்வுக் குணகம், ஒலியின் வேகம் ஆகிய அனைத்தும் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. தச்சு, கொத்து, கம்பி வேலை அறிந்தவர்கள் நம்மில் பலருடைய வீட்டிலேயே இருக்கின்றனர். அவர்களைக் கல்லூரிக்கு அழைத்து வாருங்கள்.

அலமாரி இப்போது இயற்பியல் துறையின் பின்தாழ்வாரத்தில் இருக்கிறது. அளவுக் குச்சியும், செருகும் துண்டுகளும், குறிப்பு நோட்டும் மேல்தட்டில் உள்ளன. முதலாமாண்டு மாணவ மாணவியர், எத்துறையினராயினும், மாலை நான்கு மணிக்கு மேல் வந்து பழகலாம். பயன்படுத்துமுன் டியூப் லெவல் பிடித்துப் பார்க்க மறவாதீர். கூட்டுபவர் இடம் மாற்றியிருக்கக்கூடும்.